வீட்டுக்குச் சொல்லாத தாள்கள்

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த வாரத்தில் கேரளத்தின் எந்த ஊர் முக்கில் நின்றாலும் ஃபிளெக்ஸ் பலகைகளைப் பார்க்கலாம். எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். கீழே வார்டு கமிட்டியோ வாசகசாலையோ இளைஞர் கிளப்போ வாழ்த்துச் சொல்லியிருக்கும். ஒன்பது ஏ பிளஸ்ஸும் ஒரே ஒரு ஏ-யும் வாங்கிய பிள்ளைக்கு அந்தப் பலகையில் இடமில்லை. 2005-ல் கேரளம் எஸ்.எஸ்.எல்.சி.யில் ரேங்க்கை எடுத்துவிட்டு கிரேடு முறையைக் கொண்டுவந்தது, பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவதைக் குறைக்கத்தான். 2017-ல் தமிழ்நாடு மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியதும் அதே எண்ணத்தில்தான். அரசு கைவிட்ட பட்டியலை ஊர் கையில் எடுத்துக்கொண்டது.

அப்படிப் பலகையில் சிரித்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இரண்டு மூன்று ஆண்டுகளில் களமசேரிக்கு வந்து சேர்கிறார்கள். எர்ணாகுளத்திலிருந்து ஆலுவா போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது இந்த ஊர். ஒரு காலத்தில் எச்.எம்.டி., பிரீமியர் டயர்ஸ், பக்கத்து ஏலூரில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை என்று சங்கொலியால் பொழுது விடிந்த இடம். இன்றைக்கு அதன் அடையாளம் கல்லூரிகள்தாம். 1971-ல் கொச்சிப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1986-ல் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய 'குசாட்' இங்கே இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ராஜகிரி சமூக அறிவியல் கல்லூரி எல்லாம் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள். 2017-ல் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது களமசேரிக்கு ஒரு நிலையமும் பல்கலைக்கழகத்துக்கென்று தனியாக இன்னொரு நிலையமும் கிடைத்தன. அங்கே இறங்கும் கூட்டத்தில் பாதிப் பேரின் முதுகில் பை தொங்கும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு மாணவனை நாமே கற்பனை செய்துகொள்வோம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பையன், வீட்டில் தமிழ் பேசுகிறவன். அப்பா ஷார்ஜாவில். பள்ளியில் எல்லாம் ஏ பிளஸ். நுழைவுத் தேர்வு எழுதி பி.டெக். சேர்ந்தான். முதல் ஆண்டுக் கணிதத் தாள் போய்விட்டது. தமிழ்நாட்டில் அரியர் என்பதை அங்கே 'சப்ளி' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு போன் வருகிறது.

"பரீட்சை ரிசல்ட் வந்துருச்சா கண்ணு?"

"வந்துருச்சுப்பா. நல்லாத்தான் இருக்கு."

"எல்லாம் பாஸா?"

"ஆமாப்பா."

அவ்வளவுதான் பேச்சு. அதே இரவு விடுதியில் நண்பர்கள் கூப்பிட்டால், தான் மறுபடி எழுதப் போகும் தாளுக்குப் படிக்க உட்கார்ந்ததையும் அவர்களிடம் சொல்லமாட்டான். வீட்டில் தோல்வியை மறைக்கிறான், விடுதியில் உழைப்பை மறைக்கிறான். பெற்றோர் அழுத்தம், நண்பர் அழுத்தம் என்று நாம் தனித்தனியாகப் பேசும் இரண்டும் அவன் மீது செய்யும் வேலை ஒன்றே: இரண்டும் அவனை ஒளிக்கப் பழக்குகின்றன. ஒளித்து வைத்த இடத்துக்கு உதவி வந்து சேராது. மதிப்பெண் சரிவதற்கு அவனுடைய சோம்பலைவிட இது பெரிய காரணம் என்பது என் கருத்து. கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் அந்தக் கருத்துக்கு ஆதாரம் கிடைக்கிறது.

பெற்றோரிடமிருந்து தொடங்குவோம். பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது தவறா? ஜெர்மனியின் பவேரியாவில் 2002 முதல் 2007 வரை 3,530 மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்தார்கள். மாணவர்களுக்குக் கணிதத் தேர்வு வைத்தார்கள். பெற்றோரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள். உங்கள் பிள்ளை என்ன மதிப்பெண் வாங்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? உண்மையில் என்ன வாங்க முடியும் என்று நம்புகிறீர்கள்? கோ முராயாமாவும் அவருடைய குழுவினரும் இந்தத் தரவை ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோரின் ஆசை உயர்ந்தால் பிள்ளையின் கணிதமும் பின்னால் உயர்ந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. ஆசை நம்பிக்கையைத் தாண்டிப் போன வீடுகளில் பிள்ளையின் கணிதம் இறங்கியது. அமெரிக்காவில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவிலும் அதே வடிவம் தெரிந்தது.

இந்த முடிவை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். 'இவனால் இது முடியாது' என்று உள்ளூர நினைத்துக்கொண்டு, 'ஆனாலும் நீ இதை வாங்கியே ஆக வேண்டும்' என்று சொல்லும் பெற்றோரை அது அடையாளம் காட்டுகிறது. ஆசைக்கும் நம்பிக்கைக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளி பிள்ளைக்குத் தெரியும். எந்த வீட்டிலும் தெரியும். அப்பா போனில் 'எல்லாம் பாஸா?' என்று கேட்கும் குரலில் பயம் இருந்தால், உண்மையைச் சொன்னால் அந்தப் பயம் மெய்யாகிவிடும் என்று பையனுக்குப் புரிகிறது. பொய் அங்கே அன்பின் பக்கத்திலிருந்தே வருகிறது.

கேரளத்துப் பெற்றோருக்கு இப்படிப் பயப்படக் காரணம் உண்டு, அதை மறுக்கக்கூடாது. 2001-க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. வங்கிக் கல்விக் கடனும் கூடவே பெருகியது. பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காமல் கடன் தேங்கியதால் கேரள அரசு 2017-ல் 900 கோடி ரூபாயில் கல்விக் கடன் திருப்பிச் செலுத்த உதவும் திட்டத்தை அறிவிக்க வேண்டி வந்தது. வளைகுடாவில் நாற்பது டிகிரி வெயிலில் உழைக்கும் தகப்பனுக்குப் பிள்ளையின் செமஸ்டர் என்பது வெறும் படிப்பில்லை, வீட்டுக் கணக்கு. கடன் வாங்கிக் கட்டிய கட்டணத்துக்கு எதிரில் ஒரு சப்ளி என்ன பொருள் தரும் என்று அந்த வீட்டில் யாரும் விளக்க வேண்டியதில்லை. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் கட்டுரைகள் எனக்கு ஏற்பில்லை. அவர்கள் தரும் அழுத்தத்துக்குப் பின்னால் அவர்கள் மீதே விழும் அழுத்தம் இருக்கிறது.

'அழுத்தம் கொடுத்ததால்தானே பள்ளியில் எல்லாம் ஏ பிளஸ் வாங்கினான், இப்போது மட்டும் ஏன் பலிக்கவில்லை?' என்று பல பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கான முதல் குறிப்பு 1908-ஆம் ஆண்டு எலிகளிடமிருந்து கிடைத்தது. ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்ஸன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு இரண்டு பெட்டிகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக் கொடுத்தார்கள். தவறினால் மின்அதிர்ச்சி. பெட்டிகளுக்கிடையிலான வேறுபாடு பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. வேறுபாடு நுட்பமானபோது கதை மாறியது. மிதமான அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன, கடுமையான அதிர்ச்சியில் தடுமாறின. எலியிலிருந்து மனிதனுக்கு நேராகத் தாவ முடியாது. இந்த ஆய்வை எல்லா இடத்திலும் ஒட்டவைக்கிறவர்களை நானும் நம்புவதில்லை. ஆனால் அது எழுப்பிய கேள்வி சரியானது: வேலை எவ்வளவு கடினம்? பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் பயிற்சிக்கு மிரட்டல் ஓரளவு கைகொடுக்கும். முன்பின் பார்க்காத ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டை முதல் முறை அவிழ்ப்பதற்கு அது உதவாது.

ஏன் உதவாது என்பதை மூளையின் ஒரு சின்ன வரம்பு விளக்குகிறது. கணக்குப் போடும்போது இடைநிலை எண்களை, அடுத்த படியை, கேள்வியில் கேட்டதை எல்லாம் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்திருக்கும் திறனைச் செயல்நினைவு என்கிறோம். அதன் கொள்ளளவு மிகக் குறைவு. உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-ல் செய்த மதிப்பீட்டின்படி ஏறக்குறைய நான்கு உருப்படிகள். இட்லித் தட்டில் நான்கே குழி என்று வைத்துக்கொண்டால், கவலை வந்து ஒரு குழியில் மாவை ஊற்றிவிடுகிறது. மிச்சம் மூன்றில்தான் கணக்கு நடக்க வேண்டும்.

2005-ல் சியான் பைலாக்கும் தாமஸ் காரும் இதைச் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களுக்குக் கடினமான கணக்குகளைக் கொடுத்து முதலில் சாதாரணமாகப் போடச் சொன்னார்கள். பிறகு அழுத்தத்தைச் சேர்த்தார்கள். அதில் மூன்று விதம் கலந்திருந்தது. நன்றாகச் செய்தால் பணம் உண்டு. உன்னோடு ஜோடி சேர்த்த இன்னொருவர் ஏற்கெனவே தன் மதிப்பெண்ணை உயர்த்திவிட்டார், நீ தவறினால் அவருக்கும் பணம் கிடைக்காது. உன்னைக் காணொளியில் பதிவு செய்கிறோம், ஆசிரியர்கள் பார்ப்பார்கள். வீடு, நண்பன், ஊர் மூன்றையும் ஓர் ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது போன்ற ஏற்பாடு இது. யார் அதிகம் சரிந்தார்கள்? செயல்நினைவு வலுவாக உள்ளவர்கள். சாதாரண நேரத்தில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்த அவர்கள், அழுத்தத்தில் கடினமான கணக்குகளில் மற்றவர்களின் மட்டத்துக்கே வந்துவிட்டார்கள். செயல்நினைவு குறைவானவர்களின் மதிப்பெண் பெரிதாக மாறவில்லை. 'கெட்டிக்காரப் பிள்ளை, கொஞ்சம் நெருக்கினால் பிரகாசிக்கும்' என்று வீட்டில் சொல்வதற்கு நேர் எதிரான முடிவு இது. நெருக்கும்போது அதிகம் இழப்பது அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைதான்.

இதே பைலாக் 2011-ல் ஜெரார்டோ ராமிரெஸுடன் சேர்ந்து, தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் கவலைகளைத் தாளில் எழுதினால் மதிப்பெண் கூடுகிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். அது பரவலாகக் கவனம் பெற்றது. 2018-ல் புகழ்பெற்ற 21 சமூக அறிவியல் ஆய்வுகளை வேறொரு குழு மறுபடி செய்து பார்த்தபோது, இந்த விளைவு கிடைக்கவில்லை. அதனால் அதை ஒரு மருந்தாக நான் இங்கே தரமாட்டேன். அறிவியல் இப்படித்தான் தன்னைத் தானே சரிபார்க்க வேண்டும். தாளில் எழுதித் தாளோடு விட்டுவிட்டால் போதுமா, இன்னொரு மனிதரிடம் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

ஏனென்றால் இரகசியத்துக்கென்று ஒரு தனிச் செலவு இருக்கிறது. மைக்கேல் ஸ்லெபியனும் சக ஆய்வாளர்களும் 2017-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இரகசியம் என்றால் யாராவது கேட்கும்போது வாயை மூடிக்கொள்வது, அந்த நொடியில்தான் பாரம் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் கண்டது வேறு. யாரும் கேட்காத நேரத்தில், தனியாக இருக்கும்போது, மனம் தானாக அந்த இரகசியத்துக்குப் போகிறது. மறைக்க வேண்டிய சந்தர்ப்பங்களைவிட இப்படி மனம் அலையும் சந்தர்ப்பங்களே மிகுதி, நலத்தைக் குலைப்பதும் அவைதான். நம் சித்தூர்ப் பையன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். பேராசிரியர் பலகையில் எழுதுகிறார். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை போன் இவன் தலைக்குள் ஓடுகிறது. வருகைப் பதிவேட்டில் இவனுக்கு 75 சதவீதம் இருக்கலாம். பாடத்தில் எவ்வளவு நேரம் இருந்தான் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

இனி விடுதிக்குள் போவோம். நண்பர்களின் தாக்கத்தை அளப்பது நீண்ட காலம் ஆய்வாளர்களுக்குச் சிக்கலாக இருந்தது. படிக்கிற பிள்ளை படிக்கிறவர்களோடு சேருகிறான், சேர்ந்ததால் படிக்கிறானா, படிப்பதால் சேர்ந்தானா? இதை அவிழ்த்தது டார்ட்மத் கல்லூரியின் விடுதி அலுவலகம். முதலாண்டு மாணவர்களுக்கு அங்கே அறைத்தோழர்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். 1990-களில் சேர்ந்த மாணவர்களின் பதிவுகளை எடுத்து புரூஸ் சேசர்டோட் 2001-ல் ஒரு கட்டுரை எழுதினார். அறைத்தோழர் மதிப்பெண்ணைப் பாதித்தார், ஆனால் கொஞ்சம்தான். மாணவச் சங்கங்களில் சேர்வதா வேண்டாமா என்பதில் அதிகம் பாதித்தார். எந்தப் பாடத்தை முதன்மையாக எடுப்பது என்பதில் பாதிக்கவில்லை. கென்டக்கியின் பெரியா கல்லூரியில் 2008-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, அறைத்தோழர் வீடியோ கேம் கொண்டுவந்தால் மாணவர் படிக்கும் நேரம் குறைந்து மதிப்பெண்ணும் இறங்கியதைக் காட்டியது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. பக்கத்துக் கட்டிலில் விளையாட்டு நடந்தது, அவ்வளவே.

நம் நாட்டிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. ஐதராபாத்திலுள்ள இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸில் படிப்புக் குழுக்களையும் குடியிருப்புத் தோழர்களையும் நிறுவனமே குலுக்கி ஒதுக்கியது. தருண் ஜெயினும் முதித் கபூரும் அந்தத் தரவைப் பயன்படுத்தினார்கள். நிறுவனம் அக்கறையாக அமைத்த படிப்புக் குழுவால் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒரே குடியிருப்பில் வாழ்ந்த தோழர்களால் நல்ல மாற்றம் இருந்தது. படிப்பில் பின்தங்கியவர்கள் முன்னிருப்பவர்களால் பயனடைந்தார்கள், முன்னிருப்பவர்களுக்கு நட்டம் ஏதும் இல்லை. இரவு பதினொரு மணிக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, 'இந்தக் கணக்கு எப்படிடா வந்துச்சு?' என்று கேட்க முடிகிற உறவு செய்வதைக் கால அட்டவணை போட்ட குழுவால் செய்ய முடியவில்லை. நண்பர் என்றாலே கெடுதல் என்று எச்சரிக்கும் பெற்றோர் இந்த ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் கல்லூரியே பலவீனமான மாணவர்களையும் வலுவான மாணவர்களையும் கலந்து வைத்துவிடலாமே? அமெரிக்க விமானப்படைக் கழகத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஸ்காட் கேரல், சேசர்டோட், ஜேம்ஸ் வெஸ்ட் மூவரும் முந்தைய தரவைக் கணக்கிட்டு, பின்தங்கியவர்களுக்கு அதிகப் பயன் தரும் கலவை எது என்று கண்டுபிடித்து, புதிய மாணவர்களை அந்தக் கணக்குப்படி அணிகளாகப் பிரித்தார்கள். 2013-ல் முடிவு வெளிவந்தது. உதவ நினைத்த மாணவர்களின் மதிப்பெண் குறைந்துவிட்டது. காரணம், ஒரே அணிக்குள் பின்தங்கியவர்கள் தங்களைப் போன்றவர்களோடு ஒதுங்கிக்கொண்டார்கள். அருகில் வைத்தார்கள், ஆனால் கேள்வி கேட்கும் துணிவை யாரும் கொடுக்கவில்லை. அந்தத் துணிவைப் பட்டியல் போட்டு ஒதுக்க முடியாது என்று இந்தத் தோல்வியிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். நல்ல எண்ணத்தோடு செய்து, நேர்மையாக வெளியிட்ட தோல்வி என்பதால் இதை மிகவும் மதிக்கிறேன்.

கேட்கும் துணிவு எப்படிக் கரைகிறது? மலையாள வளாகங்களில் 'படிப்பிஸ்ட்' என்றொரு கேலிப்பெயர் உண்டு. எப்போதும் புத்தகத்தோடு இருப்பவனுக்கு வைப்பது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் இதற்கு உறவான பெயர்கள் பல. இந்தக் கேலி எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதை லியோனார்டோ பர்ஸ்டினும் ராபர்ட் ஜென்சனும் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்தார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி. சேர விருப்பமா என்று ஒரு படிவம் மட்டும். பாதிப் பேருக்கு, உங்கள் பதிலை வகுப்பிலுள்ள மற்றவர்கள் உட்பட யாரிடமும் காட்டமாட்டோம் என்று எழுதியிருந்தது. மீதிப் பேருக்கு, வகுப்பு நண்பர்களைத் தவிர வேறு யாரிடமும் காட்டமாட்டோம் என்று. சாதாரண வகுப்புகளில், நண்பர்களுக்குத் தெரியும் என்றபோது சேர்ந்தவர்கள் 11 சதவீதப் புள்ளிகள் குறைந்தார்கள். சில பாடங்களைச் சிறப்பு வகுப்பிலும் சிலவற்றைச் சாதாரண வகுப்பிலும் படித்த மாணவர்களிடம் விளைவு இன்னும் கூர்மையாக இருந்தது. சாதாரண வகுப்பில் வைத்துக் கேட்டால், வெளிப்படையாக இருக்கும்போது விருப்பம் 25 புள்ளி சரிந்தது. அதே போன்ற மாணவர்களைச் சிறப்பு வகுப்பில் வைத்துக் கேட்டால் 25 புள்ளி உயர்ந்தது. ஆசை, திறமை, பெற்றோர் எதுவும் மாறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மாறினார்கள்.

அதே இருவர் இன்னொன்றையும் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு கணினிவழிப் பாடத்திட்டம் முதலிட மாணவர்களின் பெயர்ப் பட்டியலை எல்லோருக்கும் காட்டத் தொடங்கியது. ஊக்கம் தரும் என்று நினைத்தார்கள். செயல்திறன் 24 சதவீதம் விழுந்தது. மிக அதிகமாக விழுந்தது, பட்டியலில் பெயர் வரக்கூடிய முன்னணி மாணவர்களிடம்தான். நாலு பேர் பார்க்கும் பலகையில் ஏறுவதற்கு அவர்கள் பயந்தார்கள். ஊர் முக்கில் ஃபிளெக்ஸ் கட்டுகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் கட்டுகிறார்கள். பலகையில் இருந்த பிள்ளைக்கு அடுத்த மூன்று ஆண்டும் அந்தப் படம் தலைக்கு மேல் தொங்குகிறது. அவன் முதல் சப்ளியை யாரிடம் சொல்வான்?

கல்லூரி வயதில் நண்பர்களின் பார்வை ஏன் இவ்வளவு கனக்கிறது என்பதற்கு வயதே ஒரு விடை. 2005-ல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரை ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை ஆடச் சொன்னார்கள். 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24-க்கு மேற்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. தனியாக ஆடியபோது மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்தை எடுத்தன. பக்கத்தில் நண்பர்கள் நின்றபோது சிறுவர்கள் மிக அதிகமாகவும் கல்லூரி வயதினர் ஓரளவும் ஆபத்தைக் கூட்டினார்கள். பெரியவர்களிடம் மாற்றமில்லை. 2025 மார்ச்சில் களமசேரி அரசு பாலிடெக்னிக்கின் ஆண்கள் விடுதியில் காவல்துறை சோதனை நடத்தி ஏறக்குறைய இரண்டு கிலோ கஞ்சாவைக் கைப்பற்றியபோது, கேரளம் முழுக்கத் தொலைக்காட்சிகளில் ஒரே விவாதம். அந்த விவாதங்களில் பிள்ளைகளின் குணம் பற்றி நிறையப் பேசினார்கள், நண்பர்கள் சூழ இருக்கும் 19 வயது மூளையைப் பற்றிப் பேசியது குறைவு. ஒரு விடுதியின் சில அறைகளை வைத்து ஒரு கல்லூரியை எடைபோடுவதும் அநியாயம். அங்கே படித்து முன்னேறும் பிள்ளைகளின் வீடுகளுக்கு அந்த வாரம் எப்படிக் கழிந்திருக்கும் என்று யோசித்தால் போதும்.

டெல்லியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் சுனியா லூத்தர், 2023-ல் காலமாகும் வரை, வெற்றிக்குப் பேர்போன பள்ளிகளின் வசதியான பிள்ளைகளை ஆராய்ந்தார். அவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று 1990-களின் கடைசியிலிருந்தே எழுதிவந்தார். வீட்டில் விமர்சனம் மிகுதி, மதிப்பெண்ணை வைத்தே மதிப்பு என்று உணரும் பிள்ளைகளிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது. வீட்டில் சொல்ல முடியாதவை எங்காவது போய்ச் சேரத்தான் செய்யும். சேரும் இடம் நல்ல நண்பனாக இருந்தால் பிள்ளை தப்பிக்கிறான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். ஒவ்வோர் இறப்புக்கும் காரணங்கள் பல, தேர்வு ஒன்றையே காரணமாக்குவது தவறு. ஆனாலும் இந்த எண்ணைத் தாண்டிக்கொண்டு இந்த அத்தியாயத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தை ஆராய முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. கேரளக் கல்லூரிக் கல்வித் துறை 'ஜீவனி' என்ற திட்டத்தில் கல்லூரிகளுக்கு உளவியல் ஆலோசகர்களை அனுப்புகிறது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். அழைக்கத் தயங்குகிறவர்களுக்காகத்தான் எண்ணை இங்கேயே எழுதுகிறேன்.

ஒளித்தலை உடைக்க முடியும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2011-ல் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோயனும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்களுக்குச் சீனியர் மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். 'முதல் ஆண்டில் நான் இங்கே பொருந்தமாட்டேன் என்று நினைத்தேன், எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது, பிறகு சரியாயிற்று' என்ற சாரம். ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. 2023-ல் 22 கல்வி நிறுவனங்களில் விரிவாகச் செய்து பார்த்தபோது விளைவு சிறியதாக, ஆனால் உண்மையாக இருந்தது. அதுவும் மாணவர் பொருந்திப்போக நிறுவனம் உண்மையிலேயே வாய்ப்புக் கொடுத்த இடங்களில்தான். வார்த்தை மட்டும் போதவில்லை.

வார்த்தையோடு விதியும் மாறினால் என்ன நடக்கும் என்பதைக் களமசேரி ஒரு முறை காட்டியது. 2023 ஜனவரியில், மாணவர் ஒன்றியத்தின் கோரிக்கையை ஏற்று, மாதவிடாய்க்காக மாணவிகளுக்கு ஒவ்வொரு செமஸ்டரிலும் வருகையில் 2 சதவீதம் கூடுதல் சலுகை தருவதாகக் குசாட் அறிவித்தது. மருத்துவச் சான்று வேண்டாம், விண்ணப்பம் போதும். சில நாட்களில் கேரள அரசு இதைத் தன் உயர்கல்வித் துறையின் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. அதுவரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்த மாணவிகள் எத்தனை பேரோ. சொல்லக் கூச்சப்பட்ட ஒன்றுக்கு அலுவலகத்தில் ஒரு படிவம் வந்தது.

சப்ளிக்கும் அப்படி ஒரு படிவம் வைக்கலாம் என்று நினைக்கிறேன். முடிவு வெளியாகும் அன்றே யார் எந்தத் தாளில் தவறினார்கள் என்பது துறைக்குத் தெரிகிறது. இன்றைக்கு அந்தப் பட்டியலிலிருந்து முதலில் போவது பல இடங்களில் வீட்டுக்கு ஒரு தகவல். அதற்கு முன்பே வகுப்பு ஆசிரியர் மாணவனைக் கூப்பிட்டு, அதே தாளில் முன்பு தவறி இப்போது தேறிவிட்ட ஒரு சீனியரின் அறை எண்ணைக் கொடுக்கலாம். மறுதேர்வுக்கான தேதியும் அன்றே அவன் கையில் இருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவிலிருந்து போன் வரும்போது, 'ஒரு தாள் போயிருச்சுப்பா, நவம்பர்ல மறுபடி எழுதறேன், ஒரு அண்ணன் சொல்லித் தர்றாங்க' என்று முழு வாக்கியமாகச் சொல்ல அவனிடம் ஏதாவது இருக்கும்.